நைட்ரஜன் ஊற்றுகிற வேலைதான். அதற்கென்ன இப்போது?

அந்தக் காணொளியை ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) துறையில் என்னென்ன வேலை இருக்கிறது என்று மாணவர்களை உட்காரவைத்து அவ்வளவு நேரம் பேசியவர், கடைசியில் ஒரு பையன் "டெக்னீஷியனா சேரலாமா சார்?" என்று எழுந்து கேட்டதற்குச் சொன்னாரே: "நைட்ரஜன் ஊத்துறதுக்கா இவ்வளவு படிச்சே?" அரங்கம் சிரித்தது. அந்தப் பையனும் சேர்ந்து சிரித்தான். எனக்கு உறுத்துவது அந்தச் சிரிப்புதான்.

சரி, நைட்ரஜன் ஊற்றுவதைப் பற்றியே பேசுவோம்.

செல்களை உறையவைத்துக் காக்கிற தொட்டியில் ஊற்றுகிற திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. ஒரு லிட்டர் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது, நேராக விழவேண்டியதுதான். அறையில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அலாரம் அடிக்கும். உள்ளே ஒருவர் விழுந்துகிடந்தாலும் ஓடிப்போய்த் தூக்கக் கூடாது, தூக்கப் போனவரும் பக்கத்திலேயே விழுவார். கையுறை தொளதொளவென்று இருக்க வேண்டும், உள்ளே சிந்தினால் ஒரே உதறில் கழன்றுவிழ. குடுவையை லிஃப்ட்டில் ஏற்றினால் ஆள் கூட ஏறக் கூடாது. தொட்டிக்குள் அளவுகோலை விட்டு எடுத்துக் காற்றில் ஒருமுறை அசைத்தால் வெள்ளையாக உறைபனி படரும். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் மட்டம். திரையில்தான் எண் தெரிகிறதே, கோல் எதற்கு என்பீர்கள். சென்சார் கெட்டுப்போனாலும் திரையில் ஏதோ ஒரு எண் தெரியும், அதற்காகத்தான்.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் 4,000-க்கும் மேற்பட்ட கருமுட்டைகளும் கருக்களும் வீணாகின. தொட்டிக்குள் வெப்பம் ஏறியபோது வெளியே தகவல் சொல்ல வேண்டிய அலாரம் அணைக்கப்பட்டிருந்தது. அத்தனை பெரிய டாக்டர்கள் இருந்தும், அந்த இரவு தேவைப்பட்டது தொட்டியை எட்டிப் பார்க்க ஒரு ஆள். உங்கள் வாயில் சிரிப்பாகிப்போன அந்த ஆள்.

நைட்ரஜன் ஊற்றுகிற வேலைதான் ஐயா. ஊற்றத் தெரியாதவரிடம் எந்த நோயாளியின் பையைக் கொடுப்பீர்கள்?

பை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். நோயாளிக்கு நான்கைந்து நாள் ஊசி போட்டு, எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குக் கிளப்பி, மணிக்கணக்கில் இயந்திரத்தில் பிரித்தெடுத்துச் சேர்த்தது அது, பிறகு அவருக்கே திரும்ப ஏற்ற. உறையும்போது பனித்துகள் செல்லைக் கிழிக்காமலிருக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற ரசாயனத்தை 10 சதவீதம் சேர்க்கிறோம். நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்விக்கிறோம். அவசரப்பட்டால் செல்லுக்குள்ளேயே பனி கட்டும், ரொம்ப நிதானமாகப் போனால் செல் நீரிழந்து வற்றும். பிறகு நைட்ரஜன் ஆவியில் சேமிப்பு. ஏன் திரவத்தில் முக்கக் கூடாது? 1990-களில் பிரிட்டனில் ஒரே தொட்டியில் கிடந்த பைகளில் ஒன்று கசிந்து, ஹெபடைடிஸ் பி நைட்ரஜன் வழியாகவே மற்ற நோயாளிகளுக்குப் போய்விட்டது.

வெளியே எடுக்கும்போது பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி இருக்கும். லேசாக இடித்தாலும் மயிரிழைக் கீறல் விழும், அது உருகும்போதுதான் தெரியும். அதனால்தான் உலோக உறையோடு தூக்கி, இன்னொரு கிருமிநீக்கிய பையைப் போர்த்தி 37 டிகிரி நீரில் விடுகிறோம். உருகியபின் தாமதம் கூடாது, டி.எம்.எஸ்.ஓ. அறை வெப்பத்தில் செல்லுக்கு நஞ்சு. இறந்த வெள்ளணுக்களின் டி.என்.ஏ. கசிந்து பசைபோல் திரண்டால் குழாய் அடைக்கும். கணக்கும் உண்டு. டி.எம்.எஸ்.ஓ. ஒரு நாளில் நோயாளியின் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல் போகக் கூடாது. 100 மில்லி பை ஒன்றில் 11 கிராம் இருக்கும், 10 கிலோ குழந்தைக்கு ஒரே பையிலேயே வரம்பு தாண்டியாயிற்று. இதைக் கண்டுபிடித்து "இரண்டு நாளாகப் பிரிக்கணுமே" என்று முதலில் சொல்வது பெரும்பாலும் யார் என்று நினைக்கிறீர்கள்?

டெக்னீஷியனாகச் சேர்ந்து நான்கு மாதமான ஒரு பெண் பை எண்ணை உரக்கப் படித்துக்கொண்டே வந்து, ஒரு இலக்கத்தில் நின்றுவிட்டாள். படிவத்தில் 6, பையில் 0. சீனியர் முகத்தைச் சுளித்தார், வார்டிலிருந்து போன் மேல் போன். அவள் பையைக் கொடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்துத் தெரிந்தது, படிவத்தில் நகலெடுத்தவர்தான் தப்பாக எழுதியிருக்கிறார், பை சரியானதுதான். யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அதே மாதிரி இன்னொரு நாள் பை தவறாக இருந்திருந்தால்? அதையெல்லாம் மேடையில் பேச மாட்டார்கள்.

"அப்போ பெரிய கனவு காண்பது தப்பா?" என்று கமென்ட் வரும். தப்பில்லை. ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006-இல் எலியின் சாதாரணத் தோல் செல்லை ஸ்டெம் செல்லாகத் திருப்பிக் காட்டினார், 2012-இல் நோபல் வாங்கினார். படியுங்கள், ஆகுங்கள். ஆனால் அந்தப் பாதையிலும் முதல் ஆறு மாதம், கிருமி புகாமல் செல்லைக் கையாளும் பாதுகாப்புப் பெட்டிக்கு முன்னால்தான். முன்பக்கக் கிரில்லின் மேல் முழங்கையை வைத்தால் காற்றுத்திரை உடையும். துடைக்க 70 சதவீத ஆல்கஹால், சுத்தமான ஆல்கஹால் அல்ல. தண்ணீர் இருந்தால்தான் கிருமியின் புரதம் ஒழுங்காகக் கெடும். ஊடகம், அதாவது செல் வளர்கிற திரவம், மஞ்சளானால் அமிலம் ஏறிவிட்டது என்று அர்த்தம். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி வந்தால் ஊடகம் கலங்காது, மஞ்சளாகவேண்டிய கட்டாயமும் இல்லை, அந்தக் கிருமி 0.2 மைக்ரான் வடிகட்டியில் நுழைந்துபோகும், செல் சுவர் இல்லாததால் பென்சிலின் வேலைக்காகாது. திறந்த குடுவைக்கு மேலே வம்பு பேசுகிறவர்களின் வாயிலிருந்தும் வரும். (யாரையும் குறிப்பிடவில்லை.) செல் எண்ணும் கண்ணாடியில் நான்கு மூலைச் சதுரத்தில் 200 செல், சராசரி 50, நீலச் சாயத்தோடு சரிபாதி கலந்ததால் இரண்டால் பெருக்கி, பிறகு மில்லிக்கு மாற்றப் பத்தாயிரத்தால். மில்லிக்கு 10 லட்சம். இரண்டை மறந்தால் பாதி. நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் ஸ்டெம் செல் (சி.டி.34 என்ற அடையாளம் உள்ளவை) வேண்டுமென்னும் இடத்தில், "பாதி" என்பது சின்னத் தப்பா?

சம்பளம் குறைவு என்கிறீர்களா? உண்மை. குறைவுதான். ஆனால் சம்பளம் குறைவு என்பதற்கும் வேலை கேவலம் என்பதற்கும் நடுவே ஒரு கடலே இருக்கிறது, அதைத் தாண்டிக்கொண்டு வராதீர்கள். "இயந்திரம் வந்துவிடும்" என்பவர்களுக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. வரட்டும். அதையும் யாரோ துடைப்பார்கள், அளவு பார்ப்பார்கள்.

இன்னொன்றும் சொன்னார் அவர். "லேப் கிடைக்காதவங்க பேஷன்ட் கேர் பக்கம் போகலாம்." கிடைக்காதவர்களாம்! வார்டில் ஒருநாள் நின்றிருக்கிறாரா? நோயாளிக்குச் செல்லும் மற்ற ரத்தப் பைகளில் கதிர்வீச்சு பாய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். ஸ்டெம் செல் பையில் மட்டும் கதிர்வீச்சு பாய்ச்சவே கூடாது, வெள்ளணு நீக்கும் வடிகட்டியும் போடக் கூடாது. இரண்டில் எதைச் செய்தாலும் சிகிச்சை அங்கேயே முடிந்தது. அந்த வித்தியாசத்தைக் கட்டிலோரம் நின்று காப்பது செவிலியர். குழாய் முனையைக் கிருமிநாசினியால் 15 நொடி தேய்ப்பதும் அவர்தான். டி.எம்.எஸ்.ஓ.வால் பூண்டு வாடை மாதிரி மூச்சில் அடிக்கும், சிறுநீர் சிவக்கலாம், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்வதும் அவர்தான். கிருமியை எதிர்க்கிற நியூட்ரோபில் வெள்ளணு பூஜ்யத்தில் இருக்கும்போது 38 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க முடியாது, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். "கிடைக்காதவர்கள்" செய்கிற வேலை இதெல்லாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அந்த நிகழ்ச்சியின் கீழே மூன்று மாதச் சான்றிதழ் படிப்புக்கான இணைப்பு இருந்ததைப் பார்த்தபிறகு இன்னும் கொஞ்சம். ஓ, அதற்குத்தானா!

அந்தப் பையன் இதைப் படிக்கிறானா தெரியாது. படித்தால், தம்பி, பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் கேள். செல் இல்லாமல் ஊடகத்தை மட்டும் வைத்து முழு வேலையையும் செய்துகாட்டி, 14 நாள் கிருமி வளராமல் தேர்ச்சி பெறும் பயிற்சி உண்டா? தவறாக எழுதினால் ஒற்றைக் கோடு அடித்து கையெழுத்தும் தேதியும் போடச் சொல்லித்தருவார்களா, இல்லை ஒயிட்னர் கொடுப்பார்களா? தொட்டி அறைக்குள் உன்னை விடுவார்களா? "அதெல்லாம் வேலைக்குச் சேர்ந்தப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடு. சிரிக்காமல் வா.