கறவைக்கே வராத கிடாரிக்கு மடிநோய் எப்படி வந்தது?
மடிநோய் கறப்பவர் கையாலும் ஈரத் தரையாலும்தான் பரவும், ஈ வெறும் தொல்லை என்று மாட்டு மடிநோய் பற்றிய இந்தக் கட்டுரை முடித்துவிடுகிறது. கறவை மாட்டுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் எங்கள் சினைக் கிடாரி ஒன்று, யார் கையும் படாத மடி, கன்று ஈன்ற அன்றே ஒரு காம்பில் திரிதிரியாகப் பால் வந்தது. அதற்கு முன்பே காம்பு நுனியில் ஈ கடித்துக் கடித்துப் பொருக்குக் கட்டியிருந்தது. நாங்கள்தான் அலட்சியமாக விட்டுவிட்டோம். அமெரிக்காவில் லூசியானா ஆய்வாளர்கள் இதையே பார்த்திருக்கிறார்கள்: மாட்டின் மேலேயே கிடந்து ரத்தம் குடிக்கும் கொம்பு ஈ, மடிநோயை உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியைக் கிடாரிகளின் காம்புக்குக் கொண்டு சேர்க்கிறது. ஐரோப்பாவில் பால் வற்றிய மாடுகளுக்கு வரும் கோடை மடிநோயிலும் ஈக்குப் பங்கு உண்டு. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ஈக்கு வேப்பிலைப் புகை போதும் என்கிறார். புகை ஈயை விரட்டும், சரி, அப்புறம்? முட்டை சாணத்திலும் நனைந்த தீவன மிச்சத்திலும் அல்லவா கிடக்கிறது! வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கப் பத்து நாள்கூடப் பிடிக்காது. அதனால் நாங்கள் இப்போது வாரம் இருமுறை கொட்டகை மூலைகளைச் சுரண்டி அள்ளுகிறோம், கிடாரிகளின் காம்பையும் தினமும் குனிந்து பார்க்கிறோம்.