‘எளிதில் எட்டக்கூடியதே’ என்று ஒரு வரி எழுதினால் அது பரிசோதனையா?

கோபத்தோடுதான் எழுதுகிறேன், மறைக்கப் போவதில்லை.

தானே ஓடித் தரையைச் சுத்தம் செய்யும் ரோபோ வேக்குவத்தின் தூசி சேகரிப்பு நிலையத்துக்கு உரிமை கேட்டு, இந்தியக் காப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போகிறது. நாற்பது பக்க ஸ்பெசிஃபிகேஷன் (கண்டுபிடிப்பின் முழு விளக்கம்), பதினைந்து படம். அதற்கு எஃப்.இ.ஆர். என்கிற முதல் பரிசோதனை அறிக்கை வருகிறது. திறந்து பார்த்தால் சுருக்கம் 150 சொல்லைத் தாண்டிவிட்டது, கிளெய்மில் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியில்) பட எண்களை அடைப்புக்குறிக்குள் போடவில்லை, படிவம் 3-ல் வெளிநாட்டு விண்ணப்ப விவரம் தர வேண்டும் என்று இரண்டு பக்கம். இயந்திரத்தைப் பற்றி மூன்றே வரி (டி1, டி2, டி3 என்பவை எக்ஸாமினர், அதாவது பரிசோதகர், எடுத்துக்காட்டும் பழைய ஆவணங்கள்): ‘டி1 தூசி நிலையத்தைக் காட்டுகிறது. டி2 அழுத்த சென்சாரைக் காட்டுகிறது. டி3 தூசிப் பையைக் காட்டுகிறது. ஆகவே துறை அறிந்தவருக்கு இது எளிதில் எட்டக்கூடியதே.’ எந்தப் பத்தி, எந்தப் படம், மூன்றையும் ஒருவர் எதற்காகச் சேர்ப்பார், ஒன்றும் கிடையாது. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.

நிலையம் என்கிற யோசனை புதிது என்று யாரும் வாதாடவில்லை. 2003-லேயே கார்ஷரின் ஆர்சி3000 தன் நிலையத்துக்குத் திரும்பிவந்து, நிலையம் அதன் தூசியை உறிஞ்சிக்கொண்டது. 2018-ல் ஐரோபோட்டின் ரூம்பா ஐ7 பிளஸ் வந்த பிறகுதான் இது வீட்டுப் பொருளாகப் பரவியது. ஆக, ‘ரோபோவின் பெட்டியை நிலையம் காலி செய்யும்’ என்று மட்டும் ஒரு கிளெய்ம் இருந்தால் தாராளமாகத் தள்ளுங்கள். ஆனால் யோசனை பழசு என்பதாலேயே, இன்று வருகிற கண்டுபிடிப்பு எல்லாம் உள்ளே இருக்கிற சின்னச் சின்ன உறுப்புகளில்தான் இருக்கும். மூடி, சீல், குழாய் வளைவு, சென்சார் இடம். அதைப் பார்க்காத பரிசோதனை எதைப் பார்க்கிறது?

அந்த மூடியையே எடுத்துக்கொள்வோம். ரோபோவின் தூசிப் பெட்டி பொதுவாக 300 முதல் 500 மில்லி கொள்ளும். அதில் ஒரு வாய், வாயில் ஸ்பிரிங் போட்ட சின்ன மூடி. வெளிப்பக்கமாகத் திறக்கும். ஏன் வெளிப்பக்கம்? ரோபோ தரையைச் சுத்தம் செய்யும்போது அதன் சொந்த ஃபேன் பெட்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளிக்காற்று மூடியை உள்நோக்கி அழுத்தி இறுக மூடிவைக்கிறது. நிலையத்தில் வந்து உட்கார்ந்ததும், மின்சாரத்தில் நேரடியாக ஓடும் பெரிய மோட்டார் மறுபக்கத்திலிருந்து இழுக்கிறது. மூடி திறக்கிறது, தூசி போகிறது. ஸ்பிரிங் ரொம்ப மெலிதாக இருந்தால் ரோபோ வாசற்படியில் இடித்துக் குலுங்கும்போது மூடி பிளந்து தூசி கொட்டும். ரொம்ப விறைப்பாக இருந்தால் மூடி பாதிதான் திறக்கும், முடிக்கற்றை விளிம்பில் மாட்டும். ஒரு முடி மாட்டினாலும் அடுத்த முறை மூடி முழுக்க மூடாது. அந்த இடுக்கு வழியாகக் காற்று கசிந்து, தரையில் உறிஞ்சும் வேகம் குறையும். ரோபோ பழுது என்று வீட்டுக்காரர் நினைப்பார். உண்மையில் பழுது அந்த ஸ்பிரிங்கில்.

இப்படிப்பட்ட கிளெய்முக்குத்தான் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(f)-ஐத் தூக்கிப் போடுகிறார்கள். தெரிந்த கருவிகளை வெறுமனே அடுக்கிவைத்தது கண்டுபிடிப்பு ஆகாது என்கிற பிரிவு அது. அதை முழுசாகப் படித்தால் தெரியும்: அந்தக் கருவிகள் ‘ஒன்றையொன்று சாராமல், தெரிந்த முறையிலேயே’ இயங்கினால்தான் அது பொருந்தும். மேலே சொன்ன ஸ்பிரிங் எதைச் சாராமல் இயங்குகிறது? அதன் விறைப்புக்கு ஒரு எல்லையை வைப்பது குலுக்கல், இன்னொரு எல்லையை வைப்பது நிலையத்தின் இழுவிசை, நடுவே ரோபோவின் ஃபேன். மூன்றில் ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும். இதைத் தனித்தனி உறுப்புகள் என்று எழுத எப்படி மனம் வருகிறது?

அடுத்தது காற்று. நிலையத்தில் பெரிய மோட்டார் இருந்தால் போதும், தூசி வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. பெட்டிக்குள்ளிருந்து காற்று வெளியேற வேண்டுமானால் வேறு வழியாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். சில வடிவமைப்பில் அது தூரிகை வாய் வழியாக வரும், சிலவற்றில் ஃபில்டர் வழியாகப் பின்னோக்கி வந்து ஃபில்டரையும் தட்டிவிடும். அந்த நுழைவாய் சின்னதானால் பெட்டிக்குள் அழுத்தம் குறையுமே தவிர காற்று ஓடாது, தூசி மூலையிலேயே கிடக்கும். நுழைவாய் வெளிவாய்க்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் காற்று குறுக்கு வழியில் ஓடிவிடும், தூரத்து மூலை அப்படியே இருக்கும். தொழிற்சாலைத் தூசிக் குழாய்களில் சாதாரணத் தூசிக்குக்கூட நொடிக்கு 18 முதல் 20 மீட்டர் வேகம் வைத்து வடிவமைப்பது வழக்கம். இங்கே அந்த வேகம் குறைகிற முதல் இடம் கூர்மையான வளைவு. முடியும் நூலும் அங்கேதான் முடிச்சாகும். ஆக, ‘நுழைவாய் வெளிவாய்க்கு எதிர்மூலையில், இன்ன பரப்பு விகிதத்தில்’ என்று ஒரு கிளெய்ம் சொன்னால், அது ‘வெறும் இட மாற்றம்’ இல்லை. அந்த இடம்தான் கண்டுபிடிப்பே.

இனி வயிற்றெரிச்சலின் உச்சம்: பை நிறைந்ததா என்று அறியும் ஏற்பாடு. நிலையத்தின் பை பெரும்பாலும் இரண்டரை, மூன்று லிட்டர். பைக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரே ஒரு அழுத்த சென்சார் வைத்தால், பை நிறைந்ததும் காற்றோட்டம் குறையும், அங்கே இழுப்பு கூடும், ‘பையை மாற்று’ என்று செயலியில் செய்தி வரும். சரி. ஆனால் ரோபோவின் வாயில் முடி அடைத்துக்கொண்டாலும் அதே சென்சார் அதே அளவைத்தான் காட்டும். வீட்டுக்காரர் பாதி காலியான பையைக் கழற்றி எறிவார், புதுப் பை போடுவார், மறுபடி அதே செய்தி.

இப்போது பைக்கு முன்னால், குழாயில் இரண்டாவது சென்சார் வையுங்கள். பை நிறைந்தால் பின்சென்சாரில் இழுப்பு கூடும், முன்சென்சாரில் குறையும். வாயில் அடைப்பு என்றால் இரண்டிலும் கூடும். ரோபோ சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்து ரப்பர் சீல் பொருந்தாமல் போனால் இரண்டிலும் குறையும். மூன்று கோளாறையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது.

இதற்கு வருகிற எதிர்ப்பைப் பாருங்கள். டி2 என்று ஒரு சாதாரணக் கைவேக்குவம். அதில் பை நிறைந்தால் விளக்கு எரியும். ஒரே சென்சார். அதைக் காட்டி ‘இன்னொரு சென்சார் சேர்ப்பது வழக்கமான பட்டறை மாற்றமே’ என்கிறார்கள். ஐயா, டி2-வில் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறார்! குழாய் அடைத்தால் சத்தம் மாறும், அவரே பார்த்து எடுத்துவிடுவார். அடைப்பையும் நிறைவையும் பிரித்தறிய வேண்டிய பிரச்சினையே அங்கே இல்லை. பிரச்சினையே இல்லாத ஆவணம், ஆள் இல்லாத வீட்டில் ஓடும் நிலையத்துக்குத் தீர்வை எப்படிச் சொல்லிக்கொடுக்கும்? டி1-ல் நிலையம் இருக்கிறது, சென்சார் இல்லை. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு சென்சார்தான் கிடைக்கும். இரண்டாவது எங்கிருந்து வந்தது? விண்ணப்பதாரரின் ஸ்பெசிஃபிகேஷனைப் படித்த பிறகு எக்ஸாமினர் மனதில் வந்தது. விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கு எளிது என்று சொல்வதற்குப் பெயர் பரிசோதனை இல்லை.

அதோடு விட்டால் பரவாயில்லை. இரண்டு அழுத்தத்தை ஒப்பிடுவது ‘அல்காரிதம்’ என்று, வெறும் கணினி நிரலும் அல்காரிதமும் கண்டுபிடிப்பு ஆகாது என்கிற பிரிவு 3(k)-வும் சேர்ந்து வரும். குழாயில் ஓட்டை போட்டு, சென்சார் பொருத்தி, மோட்டாரை நிறுத்துகிற ஏற்பாடு அது. தொழில்நுட்ப விளைவு இருந்தால் கணினி நிரல் என்ற காரணத்துக்காக மட்டும் தள்ளக்கூடாது என்று 2019-ல் ஃபெரிட் அலானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியாயிற்று.

இந்த ஒருவரி மறுப்பு சட்டப்படியும் நிற்காது. 2022 அக்ரிபோர்ட் தீர்ப்பில் அதே நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: புத்தாக்கப் படி (துறை அறிந்தவருக்கு எளிதில் எட்டாத முன்னேற்றம்) இல்லை என்று தள்ளுவதானால் முந்தைய ஆவணத்தில் இருப்பது என்ன, விண்ணப்பத்தில் இருப்பது என்ன, முதலாவதிலிருந்து இரண்டாவது எப்படித் துறை அறிந்தவருக்கு எளிதில் எட்டும், இந்த மூன்றையும் ஆராய வேண்டும். அதே 2022-ல் ஏவரி டென்னிசன் வழக்கு ஒரு பிளாஸ்டிக் பிணைப்பானைப் (ஃபாஸ்டனரைப்) பற்றியது. எளிய மாற்றம் என்பதாலேயே தள்ளிவிட முடியாது, பழைய ஆவணம் வந்து எத்தனை காலம் யாருக்கும் அது தோன்றவில்லை என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. அக்ரிபோர்ட் கேட்ட மூன்றாவது கேள்விக்குத்தான் அறிக்கையில் எப்போதும் பதில் இருக்காது. ‘ஆகவே’ என்ற ஒரு சொல் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

இதற்குக் கொடுக்கும் காசையும் காலத்தையும் பாருங்கள். பரிசோதனைக் கட்டணம் மட்டும் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனத்துக்கு 4,000 ரூபாய், மற்றவர்களுக்கு 20,000. விரைவுப் பரிசோதனை என்றால் 8,000, 60,000. பத்துக்கு மேல் ஒவ்வொரு கிளெய்முக்கும் 320 அல்லது 1,600 தனி. அறிக்கைக்கு ஆறு மாதத்துக்குள் பதில் போடாவிட்டால், நீட்டிப்பும் கேட்காவிட்டால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கணக்கு. அவ்வளவு கறாராகக் காலக்கெடு வைக்கிறவர்கள், பதிலில் எழுதிய இருபது பக்கத்தைப் படித்தார்களா என்றால் ஹியரிங் (நேர் விசாரணை) நோட்டீஸில் அதே மூன்று வரி, எழுத்துப் பிழையோடு, மறுபடி வருகிறது. ‘பதில் ஏற்புடையதல்ல’ என்று ஒரு வால் மட்டும் புதுசு.

தேடலும் அப்படித்தான். ரோபோ நிலையத்தில் தூசி காலி செய்வதற்கென்றே ஏ47எல் 2201/024 என்று ஒரு வகைப்பாட்டு எண் இருக்கிறது. அதை மட்டும் தட்டினால் ரோபோ ஆவணங்கள்தான் வரும். ஃபில்டர் நிலையைக் கண்காணிக்கும் ஏற்பாடுகள் ஏ47எல் 9/19-ல் கிடக்கின்றன. குழாயில் காற்றால் பொருளைக் கடத்துவது பி65ஜி 53. உண்மையிலேயே கிளெய்மை உடைக்கக்கூடிய ஆவணம் அங்கே இருக்கலாம். அதைக் கண்டுபிடித்துக் காட்டினால் கைகூப்பி ஏற்றுக்கொள்ளலாம், கிளெய்மைச் சுருக்கலாம். தவறாகத் தள்ளுவது மட்டுமல்ல, தகுதியில்லாத கிளெய்ம் நழுவிப் போவதும் இதே மேம்போக்கால்தான்.

விண்ணப்பிக்கிற நம் பக்கத்துத் தவறையும் சொல்லியே ஆக வேண்டும். சீனத்திலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருகிற மொழிபெயர்ப்பை அப்படியே தாக்கல் செய்கிற ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். ‘தூசியைத் திறம்படச் சேகரிக்கும் வகையில் அமைந்த குழாய்’ என்று கிளெய்ம் எழுதினால் எக்ஸாமினர் எதைத் தேடுவார்? குழாயின் உள்விட்டம், வளைவின் ஆரம், ஸ்பிரிங் எந்த அழுத்த வித்தியாசத்தில் திறக்கும், சீலின் உதடு எத்தனை மில்லிமீட்டர் விலகலைத் தாங்கும், இவையெல்லாம் முதல் நாளே ஸ்பெசிஃபிகேஷனில் இருக்க வேண்டும். பிரிவு 59 பிறகு எதையும் புதிதாகச் சேர்க்க விடாது. நீக்கலாம், திருத்தலாம், விளக்கலாம், அவ்வளவே. ஒரு ஒப்பீட்டுச் சோதனையும் வையுங்கள்: எடை போட்ட தூசியும் பத்து சென்டிமீட்டர் முடியும் கலந்து பெட்டியில் போட்டு, பதினைந்து நொடி உறிஞ்சி, மிச்சத்தை எடை போட்டு, பழைய மூடியோடும் புது மூடியோடும் இருபது தடவை. ஒரு நாள் வேலை. இது இல்லாததால்தான் ‘தொழில்நுட்ப முன்னேற்றம் காட்டப்படவில்லை’ என்று எழுத அவர்களுக்கு வாய் வருகிறது.

ஆனால் எண்களும் சோதனையும் எல்லாம் இருக்கிற விண்ணப்பத்துக்கும் அதே மூன்று வரி வரும்போதுதான் ரத்தம் கொதிக்கிறது.

அப்படி வந்தால் பதிலில் பொதுவாக வாதாடாதீர்கள். கிளெய்ம் ஒன்றை உறுப்பு உறுப்பாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே டி1, டி2, டி3-ன் பத்தி எண், பட எண் போட்டு அட்டவணை வையுங்கள். இல்லாத உறுப்புக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதுங்கள். ஹியரிங்கில் அந்தக் கட்டத்தையே காட்டி, ‘இரண்டாவது சென்சார் எந்த ஆவணத்தில், எந்தப் பத்தியில்?’ என்று கேளுங்கள். வேறெதுவும் பேச வேண்டாம். பதில் வராவிட்டால், கேட்ட கேள்வியையும் பதில் வராததையும் பதினைந்து நாளுக்குள் கொடுக்க வேண்டிய எழுத்து வாதத்தில் முதல் பத்தியாகவே பதிவு செய்யுங்கள். 2021-ல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தைக் கலைத்த பிறகு, தள்ளும் உத்தரவுக்கு எதிராக மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். சென்னை அலுவலகத்து உத்தரவென்றால் மெட்ராஸ் உயர் நீதிமன்றம். அங்கே நீதிபதி முதலில் புரட்டுவது அந்தக் காகிதத்தைத்தான்.