ரோல்பேக் வேறு, டவுன்கிரேட் வேறு

"ஹடூப்பை ரோலிங் அப்கிரேட் செய்தால் பயமே இல்லை, பிரச்சினை வந்தால் ரோல்பேக் போட்டால் போதும், டேட்டா பத்திரமாக இருக்கும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். (ரோலிங் அப்கிரேட் என்பது சேவையை நிறுத்தாமல் ஒவ்வொரு கணினியாகப் புதிய பதிப்புக்கு மாற்றுவது.) டேட்டாவைப் பல கணினிகளில் பிரித்துச் சேமிக்கும் ஹடூப்பின் ஃபைல் சிஸ்டமான எச்டிஎஃப்எஸ்ஸில் அப்படி இல்லை. ரோல்பேக் மென்பொருளோடு டேட்டாவையும் அப்கிரேட் தொடங்குவதற்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். மூன்று நாள் கழித்து ரோல்பேக் செய்தால் அந்த மூன்று நாளில் எழுதிய ஃபைல்கள் போயே போச்சு. அதுவும் மொத்த கிளஸ்டரையும் (சேர்ந்து இயங்கும் எல்லாக் கணினிகளையும்) நிறுத்தித்தான் செய்ய முடியும்.

நீங்கள் நினைப்பது டவுன்கிரேட். அதில் மென்பொருள் மட்டும் பழைய பதிப்புக்குத் திரும்பும், டேட்டா அப்படியே இருக்கும், ஒவ்வொரு நோடாகவும் (கணினியாகவும்) இறக்கலாம். ஆனால் இரண்டு பதிப்புகளுக்கும் இடையே நேம்நோட் (எந்த ஃபைல் எங்கே என்ற பட்டியலை வைத்திருப்பது), டேட்டாநோட் (டேட்டாவையே வைத்திருப்பது) இரண்டின் லேஅவுட் பதிப்பும் (டிஸ்க்கில் சேமிக்கும் வடிவத்தின் எண்) மாறாமல் இருந்தால்தான் நடக்கும். மாறியிருந்தால் ரோல்பேக் ஒன்றுதான் வழி.

சரி, அதற்காக ஃபைனலைஸ் செய்யாமல் (அப்கிரேட் முடிந்தது என்று உறுதிசெய்யாமல்) மாதக்கணக்கில் விட்டுவைக்கலாமா என்றால், அதுவும் கூடாது. அதுவரை நீங்கள் அழிக்கும் ஃபைல்களின் பிளாக்குகளை (டேட்டாத் துண்டுகளை) டேட்டாநோடுகள் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும், டிஸ்க்கில் இடம் காலியாகாது. ஃபைனலைஸ் செய்த பிறகோ ரோல்பேக்கே கிடையாது. எனவே முதலில் இரண்டு பதிப்புகளின் லேஅவுட் எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.