சொல்லிவிட்டுத் திரும்புங்கள்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தினம் வண்டி ஓட்டுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் ஸ்பீடைத்தான் குறை சொல்வார்கள். பையன்கள் பறக்கிறார்கள், பஸ்காரர்கள் விரட்டுகிறார்கள், சனி ஞாயிறு வந்தால் வெளியூர் கார்கள் தாங்க முடியவில்லை என்பார்கள். எல்லாம் உண்மைதான், ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ரோட்டில் என்னை அதிகமாகப் பதறவைக்கிறவர் நிதானமாக, முப்பது நாற்பதில் போய்க்கொண்டே, எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பதைக் கடைசி நொடிவரை யாருக்கும் சொல்லாதவர்.

கடலூரிலிருந்து வரும்போது தவளக்குப்பம் சந்திப்பை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம், எல்லோரும் வீட்டுக்குத் திரும்புகிற நேரம். போன வாரம் எனக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கால் வைக்கிற இடத்தில் அரிசி மூட்டை. இடதுபக்கக் கண்ணாடியைக் காணோம், வலதுபக்கக் கண்ணாடியில் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. ஆக, பின்னால் யார் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஜங்ஷன் வந்ததும் இடது ஓரத்திலிருந்து அப்படியே குறுக்கே வெட்டி வலதுபக்கம் பூரணாங்குப்பம் ரோட்டுக்குத் திரும்பினார். இண்டிகேட்டர் இல்லை, கையும் காட்டவில்லை. ஷேர் ஆட்டோ ஒன்று பிரேக் போட்டு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது, அதன் பின்னால் வந்த பால் வேன் ஒரு முழம் இடைவெளியில் நின்றது. யாருக்கும் அடி படவில்லை. அவர் போய்க்கொண்டே இருந்தார், பின்னால் இத்தனை நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரரும் இல்லை. திரும்புவது அவருடைய சொந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஒரு விஷயம் புரிகிறது. மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவிலோ இருபதில் போகும்போது இண்டிகேட்டர் உண்மையிலேயே பெரிதாகத் தேவைப்படுவதில்லை. எதிரே வருகிறவர் முகம் தெரிகிறது, நாம் தலையை லேசாகச் சாய்த்தால் அவர் புரிந்துகொண்டு நிற்கிறார், அவர் கண்ணைக் காட்டினால் நாம் போகிறோம். பல வருடங்களாக இப்படித்தான் முகம் பார்த்து ஓட்டிப் பழகியிருக்கிறோம், அது நன்றாகவே வேலை செய்தது. இப்போது அதே ஆட்கள், அதே பழக்கத்தோடு நான்குவழிச் சாலையில் ஏறியிருக்கிறோம். விழுப்புரத்திலிருந்து கண்டமங்கலம் வழியாக வந்து, கடலூர் ஊருக்குள் நுழையாமல் வெளியே சுற்றிப் பூண்டியாங்குப்பம் போகிற அந்தப் புது ரோட்டில் யாருடைய முகமும் யாருக்கும் தெரியாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போய்விடுகிறோம், கிட்டத்தட்ட இரண்டு பஸ் நீளம். முன்னால் போகிறவர் திரும்புகிறார் என்று கண்ணால் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த இரண்டு பஸ் நீளம் தீர்ந்துவிடும். அங்கே நம் முகம் என்றால் அது இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும்தான். அதையும் மூடிக்கொண்டு ஓட்டினால் பின்னால் வருகிறவர் என்ன செய்வார்?

இண்டிகேட்டரே போடுவதில்லை என்று சொல்ல மாட்டேன். பலர் போடுகிறார்கள், ஆனால் பாதி திரும்பிய பிறகு. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டு "உள்ளே வரலாமா" என்று கேட்கிற மாதிரி அது. இன்னும் சிலர் மூன்று கிலோமீட்டருக்கு முன்னால் போட்டதை அணைக்க மறந்து அப்படியே போகிறார்கள், அதை நம்பி நாம் காத்திருந்தால் அவர் நேராகப் போய்விடுவார். இன்னொரு கூட்டம் இருக்கிறது, ஜங்ஷனில் நேராகப் போவதற்கு நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போடுகிறவர்கள். ராஜீவ் காந்தி சதுக்கத்தில் இதைத் தினமும் பார்க்கலாம். யார் இதை நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அந்த விளக்கு வண்டி பழுதாகி நிற்கும்போது, ஆபத்து, ஒதுங்கிப் போங்கள் என்று சொல்வதற்கு இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கிறவருக்கு உங்கள் காரின் ஒரு மூலைதான் தெரியும், அவர் கண்ணில் படுவது ஒரே ஒரு இண்டிகேட்டர். இவர் நம் பக்கம் திரும்புகிறார் என்று நினைத்து அவர் நகர்ந்தால் இடி நிச்சயம். மழை பெய்தாலும் இதே கதைதான், எல்லோரும் நாலையும் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். அப்புறம் உண்மையிலேயே நின்றுபோன வண்டி எது, ஓடுகிற வண்டி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லாரிகளின் வலது இண்டிகேட்டர் இதைவிடச் சிக்கல். சில டிரைவர்கள் "எதிரே வண்டி இல்லை, முந்திக்கொள்" என்று சொல்ல வலதுபக்கம் போடுகிறார்கள். சிலர் "எதிரே வண்டி வருகிறது, முந்தாதே" என்று சொல்ல அதையே போடுகிறார்கள். சிலர் சட்டப்படி, தான் வலதுபக்கம் திரும்பப் போவதைச் சொல்லப் போடுகிறார்கள். ஒரே விளக்குக்கு மூன்று அர்த்தம், அதில் ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொண்டால் உயிர் போகும். உதவி செய்கிற எண்ணத்தில்தான் செய்கிறார்கள், அந்த நல்ல மனசை நான் மதிக்கிறேன். ஆனால் தயவுசெய்து வேண்டாம் அண்ணே. நீங்கள் திரும்பும்போது மட்டும் போடுங்கள். முந்தலாமா வேண்டாமா என்பதைப் பின்னால் வருகிறவர் தன் கண்ணால் பார்த்து முடிவு செய்யட்டும், ரோடு தெரியவில்லை என்றால் பொறுமையாகப் பின்னாலேயே வரட்டும்.

நான்குவழிச் சாலையில் வலதுபக்கத் தடம் முந்துவதற்கு மட்டும்தான் என்பது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் விடுவதில்லை. 1989 விதிகளுக்குப் பதிலாக மத்திய அரசு 2017ல் புது ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் கொண்டுவந்தது, அதிலும் முடிந்தவரை இடதுபக்கம் போ, முந்துவது வலதுபக்கமாக என்றுதான் இருக்கிறது. நடப்பதோ, சிமென்ட் லாரி நாற்பதில் வலது தடத்தை அடைத்துக்கொண்டு போகிறது, அதன் பின்னால் சிக்கிய கார்காரர் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இடதுபக்கமாக வெட்டி முந்துகிறார், அந்த இடது தடத்தில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் போய்க்கொண்டிருக்கிறது. அடிபடுவது எப்போதும் அந்த எக்ஸெல்தான். லாரிக்காரர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. இடது தடத்தில் டீக்கடைக்கு நிறுத்திய வண்டி நிற்கிறது, அறுவடைச் சமயத்தில் நெல்லையோ உளுந்தையோ காயப்போட்டுச் சுற்றிக் கல் வைத்திருக்கிறார்கள், எதிர்த்திசையில் பைக் வருகிறது. கனமான லோடோடு அடிக்கடி தடம் மாறுவதைவிட வலதுபக்கமே போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். ஆக, ஒருவர் இடது ஓரத்தை ஆக்கிரமித்தால் அது லாரியை வலதுபக்கம் தள்ளுகிறது, லாரி காரை இடதுபக்கம் தள்ளுகிறது, கார் டூவீலரை ரோட்டைவிட்டே தள்ளுகிறது.

எதிர்த்திசையில் வருவதைப் பற்றிச் சொன்னேன். ராங் சைடில் வருகிறவர்களைப் பிடித்து ஃபைன் போடச் சொல்வது சுலபம், போடவும் வேண்டும். ஆனால் வயல் இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம், சென்டர் மீடியனில் அடுத்த திறப்பு வெகு தூரம் என்றால் மனுஷன் குறுக்குவழியைத்தான் பார்ப்பான். சர்வீஸ் ரோடு முழுசாக இல்லாமல், ஊர்க்காரர்களின் நடமாட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் ரோடு போட்டுவிட்டு பழியை எக்ஸெல்காரர் தலையில் மட்டும் போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் ராத்திரியில், ஹெட்லைட்டும் இல்லாமல், மீடியனை ஒட்டி வேகத் தடத்திலேயே எதிரே வருகிறவர்களை எந்த நியாயத்தைச் சொல்லியும் காப்பாற்ற முடியாது. வந்தே ஆக வேண்டும் என்றால் தார் ரோட்டைவிட்டு இறங்கி மண்ணில் உருட்டிக்கொண்டு வாருங்கள்.

ஹெட்லைட் என்றதும் டிம் அடிப்பது ஞாபகம் வருகிறது. முன்பெல்லாம் ஹெட்லைட் நடுவே கறுப்புப் பொட்டு வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் போலீஸ்காரரே நிறுத்தி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். இப்போது எல்இடி பல்பு மாட்டிக்கொண்டு எல்லோரும் பிரைட்டிலேயே வருகிறார்கள். மரக்காணம் பக்கம் ராத்திரியில் எதிரே ஒரு வண்டி பிரைட்டில் வந்தால், அது தாண்டிப் போனபின் இரண்டு மூன்று நொடிக்கு எனக்கு எதுவுமே தெரிவதில்லை. அந்த நேரத்தில் ஓரமாக நடந்துபோகிற ஒருவர் இருந்தால்? ஒரு விரலால் தட்டுகிற ஸ்விட்ச் அது.

தனியார் பஸ்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இரண்டு நிமிடம் டைமிங் தவறினால் பின்னால் வரும் பஸ் கலெக்‌ஷனை அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பயம் தீராதவரை அந்த ஓட்டம் நிற்காது, அதை டிரைவர் தலையில் மட்டும் கட்டுவதில் பயனில்லை. ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கிருமாம்பாக்கத்திலோ கன்னியக்கோவிலிலோ பஸ் ஓரம் கட்டும்போது படியில் நிற்கிற கண்டக்டர் கையை வெளியே நீட்டி, இடதுபக்கம் நுழையப் பார்க்கிற டூவீலர்களை நிறுத்திவிட்டுத்தான் ஆளை இறக்குவார். எல்லாக் கண்டக்டரும் இல்லை, அனுபவசாலிகள். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பெரிய வண்டி, தான் செய்யப் போவதைச் சின்ன வண்டிக்குச் சொல்லிவிட்டுச் செய்கிறது.

குடித்துவிட்டு ஓட்டுவதை நான் பழக்கம் என்ற கணக்கில் சேர்க்கவே மாட்டேன், அது குற்றம், அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

ஆம்புலன்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து ஜிப்மருக்கு வருகிற ஆம்புலன்ஸ்களில் பல அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் வழியாக ஊருக்குள் புகுந்துதான் கோரிமேடு போய்ச் சேர வேண்டும். சைரன் கேட்டால் நம் ஆட்கள் வழி விடுகிறார்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் என்று 2019ல் சட்டத்தைத் திருத்தினார்கள், அதற்கு முன்பும் பெரும்பாலானவர்கள் மனசாட்சிக்காகவே ஒதுங்கினார்கள். ஆனால் எப்படி ஒதுங்குவது என்பதில் குழப்பம். ஒருவர் இடதுபக்கம் போகிறார், ஒருவர் வலதுபக்கம் போகிறார், ஒருவர் பதறிப்போய் நடுரோட்டில் அப்படியே நின்றுவிடுகிறார், ஆம்புலன்ஸ் டிரைவருக்கு எந்தப் பக்கம் வழி கிடைக்கும் என்று புரிவதில்லை. இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டு இடதுபக்கமே ஒதுங்குங்கள், எல்லோரும் ஒரே பக்கம். அப்புறம், கிடைத்த வழியில் ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு பறக்கிற பைக்குகள். உள்ளே ஒரு குடும்பம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த வழி அவர்களுக்காக விட்டது.

நம் ஊர் ஆட்களுக்கு ரோட்டில் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். சைடு ஸ்டாண்ட் எடுக்காமல் போகிறவரை நாலு பேர் துரத்திப் போய்ச் சொல்கிறார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கிற அம்மாவின் முந்தானை சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கினால், சிக்னலில் முன்பின் தெரியாதவர் "அம்மா, புடவை" என்று கத்துகிறார். 2017 ஏப்ரலிலிருந்து புது டூவீலர்களில் ஹெட்லைட் தானாகவே எரிய வேண்டும் என்று விதி வந்தபோது, அது தெரியாத ஆட்கள் எதிரே வரும்போதெல்லாம் விரல்களை மூடித் திறந்து "லைட் எரியுது, லைட் எரியுது" என்று எத்தனை வருடம் சொல்லிக்கொண்டே போனார்கள்! அவர்களுக்கு அதில் ஒரு பைசா லாபம் இல்லை. யாரோ ஒருவருடைய பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்கிற அக்கறை. அடுத்தவர் வண்டியைப் பற்றி அடுத்தவருக்கு இவ்வளவு சொல்கிற நாம், நம் வண்டி எங்கே திரும்பப் போகிறது என்பதை மட்டும் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறோம்?

இன்னும் ஒன்று பாக்கி. அரவைப் பருவம் வந்தால் நெல்லிக்குப்பம் ஆலைக்கு ராத்திரியெல்லாம் கரும்பு வண்டிகள் போகும். டிராக்டருக்கு முன்னால் லைட் இருக்கும், பின்னால் டிரெய்லரில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் கரும்புத் தோகை தொங்கி அதை மறைத்துவிடும். இருட்டில் பின்னாலிருந்து வருகிறவருக்கு அந்த லோடும் ரோடும் ஒரே கறுப்பு. டிராக்டர் ஓட்டுகிறவர்கள் முகநூலில் இதைப் படிப்பார்களோ இல்லையோ, அவர்களைத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஆட்டோமொபைல் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. டிரெய்லரின் பின்பக்கம் மேலே ஒட்டினால் தோகை மறைக்கும், அதனால் கீழே டயர் உயரத்தில், அகலத்துக்கு முழுசாக ஒட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டிலும் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டச் சொல்லுங்கள், திரும்பும்போது குறுக்கே நிற்கிற நீளம் தெரியும். ஒட்டிய பிறகு சேறு படியும், வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.