ஒரு முறைதான் என்றால் ஒரு முறைதான்

சிறு பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் எங்கள் மினியேச்சர் விளையாட்டுக் குழுவில் ஒரு மாதமாக இதே வாக்குவாதம். வார்ஹாமர் 40,000இல் கமாண்ட் பாயிண்ட் என்ற புள்ளிகளைச் செலவழித்து ஸ்ட்ராட்டஜம் என்ற சிறப்பு உத்திகளைப் போடலாம். ஆனால் டர்னின் ஒரு பகுதியான ஃபேஸில் ஒரே ஸ்ட்ராட்டஜத்தை ஒரு தடவைதான் போடலாம். "என் கமாண்ட் பாயிண்ட், நான் செலவழிக்கிறேன். ஒரே ஸ்ட்ராட்டஜத்தை ஒரே ஃபேஸில் இரண்டு தடவை போட்டால் என்ன தப்பு?" என்கிறார் நண்பர் ஒருவர். எங்கள் குழுவுக்குள் மட்டும் அந்தத் தடையை எடுத்துவிடலாம் என்பது அவர் யோசனை. கூடவே கூடாது என்கிறேன் நான்.

புள்ளியைக் கொடுத்துவிட்டோமே என்ற நியாயம் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வார்ஹாமர் 40,000 ஆடியவர்களுக்கு ஸ்மைட் என்ற மனோசக்தி நினைவிருக்கும். 2017இல் வந்த எட்டாம் பதிப்பின் போட்டி விதிகளில், ஒரு மனோசக்தியை ஒரு டர்னில் ஒரு தடவைதான் முயற்சிக்கலாம் என்று இருந்தது. ஸ்மைட்டுக்கு மட்டும் விலக்கு. என்ன ஆயிற்று? மலிவான சைக்கர்களை (மனோசக்தி உள்ளவர்களை) வரிசையாக நிறுத்தி, ஆள் மாற்றி ஆள் ஸ்மைட், ஸ்மைட், ஸ்மைட். இரண்டு பகடையையும் கூட்டி 5 வந்தாலே போதும், கவசத்தால் தடுக்க முடியாத அடி விழும். எதிரில் இருப்பவருக்குத் தன் பொம்மைகளை எடுத்து ஓரம் வைப்பதுதான் வேலை. கடைசியில், அதே டர்னில் அடுத்தடுத்த முயற்சிக்கு ஒவ்வொன்றாகக் கூடுதல் எண் வேண்டும் என்று திருத்தினார்கள். விலக்கு கொடுத்த ஒரே இடத்தில்தான் ஓட்டை விழுந்தது.

ஆனால் தடையை யார் மேல் போடுகிறோம் என்பதும் முக்கியம். ஸ்டார் வார்ஸ் விண்கப்பல்களை வைத்து ஆடும் எக்ஸ்-விங்கில் ஒரே ஆக்‌ஷனை ஒரு சுற்றில் இரண்டு முறை செய்யக் கூடாது என்பது ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தனி விதி. டை ஃபைட்டர் கப்பல்கள் ஆறு இருந்தால், ஃபோகஸ் என்ற ஒரே செயலை ஆறும் எடுக்கலாம். ஸ்ட்ராட்டஜத்தில் தடை ஆட்டக்காரர் மேல். பத்துப் படைப்பிரிவு வைத்திருந்தாலும் ஒன்றுக்குத்தான் கிடைக்கும், எதற்கு என்று முடிவு செய்தாக வேண்டும். எனக்கு இந்த இரண்டாவது வகைதான் பிடிக்கும். அங்கேதான் வயிற்றைப் பிசையும்.

அமெரிக்கக் கால்பந்தைப் போன்ற பொம்மை ஆட்டமான பிளட் பௌலில் ஒரு டர்னுக்கு ஒரே ஒரு பிளிட்ஸ். நகர்ந்து போய் அடிக்க வேறு வழி பெரும்பாலும் இல்லை. போன வாரம் இரண்டாம் பாதியின் எட்டாவது, கடைசி டர்ன், ஆட்டம் சமநிலை. எடுத்த எடுப்பிலேயே ஓரத்தில் நின்ற எதிரணியின் சாதாரண வீரர் (லைன்மேன்) ஒருவரை பிளிட்ஸ் செய்து தள்ளினேன். அப்புறம்தான் பார்க்கிறேன், பந்து வைத்திருந்த எதிரணி வீரர் என் ஆளிலிருந்து மூன்று கட்டம் தள்ளித் துணையே இல்லாமல் நிற்கிறார். அருகில் போய் நிற்க முடியும், அடிக்க முடியாது. எதிராளியின் டர்னில் அந்த வீரர் என் ஆளிடமிருந்து நழுவி ஓடி, பந்தைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் டச்டவுன் போட்டுவிட்டார். தோற்றேன். இன்னொரு பிளிட்ஸ் இருந்திருந்தால் அந்த ஆட்டத்தை மறந்திருப்பேன். இப்போது அந்தக் களம் கட்டம் கட்டமாக நினைவில் இருக்கிறது.

நண்பர் சொல்வதில் ஒன்று மட்டும் சரி. யார் எதைப் பயன்படுத்தினார் என்று நினைவு வைப்பது தொல்லைதான், அதனால் சண்டையும் வருகிறது. அதற்கு விதியை எடுக்க வேண்டாம். பயன்படுத்தியதும் அந்த ஸ்ட்ராட்டஜத்தின் அட்டையைக் கவிழ்த்து வையுங்கள், ஃபேஸ் முடிந்ததும் நிமிர்த்துங்கள். அடுத்த ஆட்டத்திலிருந்து நான் அப்படித்தான் செய்யப் போகிறேன், அவரையும் கேட்டிருக்கிறேன்.