“சுகர் 8 இருக்கு, என்ன மருந்து எடுக்கலாம்?” இப்படிக் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்?

“அம்மாவுக்கு சுகர் 8. என்ன மருந்து எடுக்கலாம்?” கேள்வி இவ்வளவுதான். வெறும் வயிற்றில் பார்த்ததா, சாப்பிட்ட பிறகா? அம்மாவுக்கு வயது என்ன? ஏற்கெனவே மாத்திரை போடுகிறாரா? சிறுநீரகம் எப்படி இருக்கிறது? ஒரு விவரமும் கிடையாது. ஆனால் அது கேட்கப்பட்ட மலேசியத் தமிழர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பத்து நிமிடத்துக்குள் இருபது பதில் வந்து விழுகிறது. வெந்தயத்தை ஊற வையுங்கள், பாகற்காய்ச் சாறு குடியுங்கள், மெட்ஃபோர்மின் என்ற சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், உடனே நிறுத்துங்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

வெறும் வயிற்றில் 8 மில்லிமோல் என்றால் அது இனிப்பு நீருக்கான (நீரிழிவுக்கான) 7.0 என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. புதிதாகப் பார்த்தவர் என்றால் கிளினிக்கில் மறுபடி ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவருக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 8 என்றால் மருந்து ஒழுங்காக வேலை செய்கிறது என்று கொள்ளலாம், அந்த எண்ணுக்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. எப்போது பார்த்தது என்று தெரியாமல் பதில் சொல்கிறவன் குருட்டாம்போக்கில் சொல்கிறான். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இங்குள்ள இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மூன்றில் ஒருவரை நெருங்கும் கணக்கு இது. இந்த நிலையில் நாம் இப்படியா கேள்வி கேட்பது?

இதைவிடப் பெரிய கொடுமை தமிழ்நாட்டு யூடியூப். அங்குள்ள மருத்துவர்கள் சொல்வது சரிதான், அவர்கள் ஊர் அளவில். அங்கே சுகரை மில்லிகிராமில் சொல்வார்கள், இங்கே மில்லிமோலில் எழுதுவார்கள். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால்தான் அவர்கள் எண் வரும். நம் 7.0 அவர்களுக்கு 126. நம் 11.1 அவர்களுக்கு 200. “70க்குக் கீழே போனால் உடனே இனிப்பு சாப்பிடுங்கள்” என்று சேலத்து மருத்துவர் சொன்னதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிற கோலாலம்பூர் செந்தூல் பாட்டிக்கு, அவருடைய கருவியில் 3.1 என்று காட்டினால் அது ஆபத்து என்று எப்படித் தெரியும்? 3.1 என்பது 56. கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பேச்சு குழறும். 4க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். இன்னும் 4க்கு மேலே ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கொலஸ்ட்ராலுக்குப் பெருக்கும் எண் வேறு, ஏறக்குறைய 38.7. கெட்ட கொலஸ்ட்ரால் 2.6 என்றால் அவர்கள் கணக்கில் 100. டிரைகிளிசரைடுக்கு அதுவும் இல்லை, 88.6. யூரிக் அமிலம் 420 என்று பார்த்துப் பதறுகிறவர்கள் 59.5ஆல் வகுத்துப் பாருங்கள், அவர்கள் கணக்கில் 7 வரும். இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி மட்டும் இரண்டு ஊரிலும் விழுக்காடுதான். அதிலும் ஒரு வித்தியாசம்: உலக அளவில் 6.5இல் இனிப்பு நீர் என்கிறார்கள், மலேசிய வழிகாட்டி 6.3இலேயே சொல்லிவிடுகிறது. ரத்தச் சோகையோ தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறோ இருந்தால் அந்த எச்பிஏ1சியையே முழுதாக நம்ப முடியாது. இதையும் யாரும் கேட்பதில்லை.

சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் விஷயத்தில் நடப்பது இன்னும் மோசம். “கிரியேட்டினின் 110, நார்மலா?” யாருடைய 110? முப்பது வயது ஆணுக்கு 110 என்றால் சிறுநீரக வடிகட்டும் அளவு, அதாவது இ.ஜி.எஃப்.ஆர், 80ஐ ஒட்டி வரும். எழுபது வயது அம்மாவுக்கு அதே 110 வந்தால் 45 பக்கத்தில் நிற்கும். அந்த அம்மாவுக்கு மெட்ஃபோர்மின் அளவைப் பற்றி டாக்டர் யோசிக்க ஆரம்பிக்கிற இடம் அது. 30க்குக் கீழே போனால் நிறுத்தியே ஆக வேண்டும். மெட்ஃபோர்மின் கிட்னியைக் கெடுப்பதால் இல்லை. கெட்டுப்போன கிட்னியால் அதை வெளியேற்ற முடியாமல் உடம்பில் தேங்கிவிடும் என்பதால். இந்த ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு எத்தனை பேர் மாத்திரையைக் குப்பையில் போடுகிறார்கள்! சுகரை ஏற விட்டால் அதே கிட்னிதான் கெடும்.

சரி, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால் வருகிற பதில்: “காலையில வெள்ளை மாத்திரை ஒண்ணு, ராத்திரி சின்னதா ஒண்ணு.” வெள்ளை மாத்திரை ஆயிரம் இருக்கிறது! மாத்திரைப் பையின் மேல் ஒட்டியிருக்கிற சீட்டில் பெயரும் மில்லிகிராமும் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்ப அரை நிமிடம் ஆகுமா? கிளிக்லசைடு என்று சுகர் மாத்திரையின் பெயரை மட்டும் சொன்னாலும் போதாது. சாதாரண 80 மில்லிகிராம் மாத்திரையும், மெதுவாகக் கரையும் 30 மில்லிகிராம் மாத்திரையும் ஏறக்குறைய ஒரே வேலை செய்யும். எண்ணை மட்டும் பார்த்து “80தானே பலமானது” என்று மாற்றிப் போட்டாலும் தப்பு, அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த ஒன்றையும் தனியார் கிளினிக்கில் கொடுத்த இன்னொன்றையும் சேர்த்துப் போட்டாலும் தப்பு. பெயர் வேறு, மருந்து ஒன்று, சுகர் தடாலென்று இறங்கிவிடும். அதோடு பாகற்காய்ச் சாறும் சிறுகுறிஞ்சானும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர் தொண்டை வலிக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடக் கூடாது, தசை சிதைந்து சிறுநீரகம் வரை போகலாம். ரத்தக் கொதிப்புக்கு பெரிண்டோபிரிலும் நீர் போகும் மாத்திரையும் எடுப்பவர் மூட்டு வலி என்று டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாரக்கணக்கில் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதையே குறைத்துவிடும். பெரிண்டோபிரில் ஆரம்பித்த பிறகு வறட்டு இருமல் வந்தால் அது சளியாக இல்லாமல் மருந்தின் வேலையாக இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார். அதைச் சொல்லாமல் மூன்று மாதம் இருமல் மருந்து குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்! மருந்துப் பட்டியல் இல்லாமல் இதில் எதையும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

டாக்டர்கள் மேலும் கோபம் இருக்கிறது. “ஓகே லா, கொஞ்சம் ஹை, சாப்பாடு கண்ட்ரோல் பண்ணுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டால் நோயாளி என்னத்தைப் புரிந்துகொள்வார்? வயதானவர்கள் மலாயில் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். வெளியே வந்து புலனத்தில் கேட்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் பார்த்தாலும் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. “மிந்தா சாலினான் கெப்புத்துசான் டாரா” (ரத்தப் பரிசோதனை முடிவின் நகல் வேண்டும்) என்று மலாயில் கேளுங்கள். தாளைத் தரவில்லையா, திரையில் உள்ள எண்ணையாவது அலகோடு எழுதித் தரச் சொல்லுங்கள். ரத்தக் கொதிப்பு என்றால் மாடிப்படி ஏறி வந்து ஒரு தடவை பார்த்த எண்ணோடு போகாதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85ஐத் தாண்டினால் அது பேச வேண்டிய விஷயம். இந்த ஒரு தாள் கையில் இருந்தால் டாக்டர் இரண்டு நிமிடத்தில் சொல்கிற பதிலுக்கே அர்த்தம் இருக்கும்.

டாக்டரைப் பார்க்க நாள் இல்லையென்றால் பக்கத்துப் பார்மசியில் பார்மசிஸ்டைக் கேளுங்கள், காசு வாங்க மாட்டார். ஆனால் “பார்மசிஸ்ட் இருக்கிறாரா?” என்று முதலில் கேட்க வேண்டும், கல்லாவில் நிற்கிற எல்லோரும் பார்மசிஸ்ட் இல்லை. தப்பான மருந்தைக் குழந்தை விழுங்கிவிட்டது, இரண்டு வேளை மருந்தை ஒரே வேளையில் போட்டுவிட்டார் என்றால், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் தேசிய நச்சு மையம் இருக்கிறது. அதற்கென்றே படித்தவர்கள் அங்கே தொலைபேசி எடுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவை ஏன் கேட்கிறோம்?

மூட்டு வலிப் பொடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று ஒருவர் எழுத, ஐம்பது பேர் விலை கேட்கிறார்கள். இரண்டு நாளில் வலி பறந்தால் அதில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முகம் உப்பும், சுகர் ஏறும், எலும்பு தேயும். பல வாரம் சாப்பிட்டவர் பயந்துபோய் அதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்துக்கு அந்த எழுத்து ‘டி’ (T). எண் இருந்தாலும் அது வேறு பொருளின் எண்ணாக இருக்கலாம், மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவின் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், இதை முடியாது. இரவு பதினோரு மணி. “அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்காம், வியர்க்குதாம், என்ன கொடுக்கலாம்?” பதில்: கேஸாக இருக்கும், ஓமத் தண்ணீர் கொடுங்கள். ஐயோ! இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மாரடைப்பில் வலியே தெரியாமல் வெறும் வியர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும் வரலாம். வாய் கோணி, ஒரு கை தூக்க முடியாமல், பேச்சு குழறினால், அதாவது பக்கவாதம் வந்தால், விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் அந்தப் பழைய செய்தியை இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட நான்கரை மணி நேரம்தான் இருக்கிறது, அதுவும் அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போகும்.

கேட்காதீர்கள். 999ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, மருந்துப் பையையும் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளையும் அவரோடு ஆம்புலன்சில் அனுப்புங்கள்.