ஃபைபர் வயர் இடியை இழுக்குமா?

மட்டக்களப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. குளத்து நீர்மட்டத்தைத் தூரத்திலிருந்தே பார்க்க ஃபைபர் வயர் இழுத்தால், அதற்குள் ஓடும் கரண்ட் இடியை இழுக்குமாம். வயலில் நிற்பவர்கள் கவனமாம். பிழை.

ஃபைபருக்குள் கரண்ட் ஓடுவதே இல்லை. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மேலுறையை நீக்கினால் 0.125 மில்லிமீட்டர், தலைமயிரை விடக் கொஞ்சம் தடிப்பு. அதில் போவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. இடிமழைக் காலத்தில் தொல்லை தருவது செம்புக் கம்பிதான்: எங்கோ விழுந்த மின்னல் கம்பி வழியே வந்து கருவியைக் கருக்கிவிடும். நடுவே கண்ணாடி இருந்தால் அந்த வழி அடைபடுகிறது.

ஆனால் ஒன்று. தூணுக்குத் தூண் தொங்கும் சில வகை ஃபைபரோடு, பாரம் தாங்க ஓர் உருக்குக் கம்பியும் சேர்ந்தே வரும். அது கடத்தும். அதற்கு எர்த் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உலோகமே இல்லாத வகையை வாங்க வேண்டும். குரல் பதிவுக்காரர் இதைத்தான் அரைகுறையாகக் கேட்டாரோ என்னவோ.

சரி, உன்னிச்சைக் குளம் மாதிரி ஓர் இடத்தில் வைக்கும் கருவிக்குக் கரண்ட்? அது ஃபைபரில் வராது. சின்ன சோலார் தகடும் பற்றரியும் போதும்.

பயப்படத்தான் வேண்டுமென்றால் அறுந்த நுனிக்குப் பயப்படுங்கள். அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது. துண்டு காலில் ஏறினால் எடுப்பதும் பெரும்பாடு.